சாயம் பூசினால் அண்ணன் தங்கை

எதிர்வீட்டுப் பெண் போன வாரம் தொலைக்காட்சியில் ஒரு ஜோடியைக் காட்டி, "பாத்தீங்களா சகுந்தலாம்மா, இவங்க ரெண்டு பேரும் நெசத்துலயே புருஷன் பொண்டாட்டி. அதான் இவ்ளோ பொருத்தமா இருக்கு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளோ நல்ல சேதி சொன்ன முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் நாடகக் கம்பெனியில் அப்படி ஒரு ஜோடி மேடையேறியிருந்தால் வாத்தியார் திரையை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டியிருப்பார். இதைச் சொன்னதும், "ஏம்மா, அதுல என்னா தப்பு?" என்று கேட்டாள். தப்பா சரியா என்று எனக்கு இன்றைக்கும் தீர்த்துச் சொல்லத் தெரியாது. நடந்ததை மட்டும் அவளுக்குச் சொன்னேன். அன்று அவளுக்குச் சொன்னதுதான் இது.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன மறு வருஷம் நான் கம்பெனியில் சேர்ந்தேன். முதலியார்பேட்டையில் தகரக் கூரை போட்ட கொட்டகை. மில் வேலை முடிந்து வருகிறவர்களுக்குச் சாயங்கால ஆட்டம். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்ப வேண்டும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியான ஆட்டம். பாட்டு, நடை, குரல் எடுப்பது, அடிபட்டு விழுவது என்று நான் கற்றுக்கொண்ட கதையைத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது. பிரம்பால் அடி வாங்கினேன், கற்றுக்கொண்டேன், கதாநாயகி ஆனேன். அது போதும்.

வாத்தியார் என்று நாங்கள் கூப்பிட்டது கம்பெனியின் முதலாளியை. நாடகம் எழுதுவதும் அவர், சொல்லிக்கொடுப்பதும் அவர். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒத்திகையில் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தோள் துண்டின் நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். அந்தக் கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறும் வரைக்கும் மேடையில் இருப்பவர்கள் நின்றது நின்றபடி நிற்க வேண்டும். கை தூக்கியிருந்தால் தூக்கியபடி, அழுதுகொண்டிருந்தால் அழுத முகத்தோடு. ஒரு தடவை நான் ஒற்றைக் காலில் நின்று நின்று கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பொத்தென்று விழுந்தேன். அப்போதும் அவர் துடைத்துக்கொண்டேதான் இருந்தார்.

அவர் போட்ட சட்டங்களில் பெரிய சட்டம் ஒன்று உண்டு. நிஜத்தில் புருஷன் பெண்டாட்டியாக இருப்பவர்கள் மேடையில் ஒருநாளும் ஜோடியாக வரக்கூடாது. அண்ணன் தங்கையாகத்தான் வர வேண்டும். மேடையில் ஜோடியாக நடிப்பவர்களோ கீழே இறங்கினால் அண்ணன் தங்கை. நான் சேர்ந்த அன்றைக்கே என்னை எதிரில் நிறுத்தி, "வீட்டுச் சண்டை மேடைக்கு வரும். மேடைச் சிரிப்பு வீட்டுக்குப் போவும். ரெண்டும் வேணாம்" என்றார்.

அதோடு விடவில்லை. நாங்கள் முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தடவி, முத்துவெள்ளையையும் அரிதாரத்தையும் குழைத்துப் பூசி, புருவம் தீட்டி முடித்ததும் வரிசையாக வாத்தியாரிடம் போக வேண்டும். கடைசியில் நெற்றிப் பொட்டை அவர் கையால்தான் வைப்பார். அந்தப் பொட்டு ஏறிய நிமிஷத்திலிருந்து சாயம் கலைக்கும் வரைக்கும் நாடகத்தில் என்ன முறையோ அதுதான் முறை. உடுப்பு அறையில் பேசினாலும், தண்ணீர் கேட்டாலும், வெளியாட்கள் பார்க்க வந்தாலும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். யார் யாருக்கு யார் என்பதை வெளியில் மூச்சு விடக்கூடாது. ஜனங்கள் பார்த்ததை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்.

எனக்கு ஜோடியாக நடித்தவர் செல்வராசு. நல்ல உயரம், கணீரென்ற குரல், கொட்டகை நிறைவதே அவரால்தான். சாயம் கலைத்துவிட்டால் சட்டப்படி நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மனைவி அலமேலு. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள், எனக்கு அக்கா. நாடகத்தில் அவருக்குத் தங்கை கோமதியாக வருவாள். மயிலம் கோயிலில் எங்கள் கம்பெனி ஆட்கள் மட்டும் நிற்கத் தாலி கட்டிக்கொண்டவர்கள். மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், போய்ப் பதியவில்லை. ஊர் அவர்களை அண்ணன் தங்கை என்றே நம்பியது. நெல்லித்தோப்பு கடைத்தெருவில் மீன்காரி, "உங்கண்ணன் நேத்து அழுதப்ப நானும் அழுதுட்டேம்மா" என்று அலமேலுவிடம் சொல்லி ஒரு மீனைக் கூடப் போடுவாள். அலமேலு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நெல்லித்தோப்பில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த அறை என்னுடையது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் வசனம் மனப்பாடம் செய்வதும், இவள் பால் ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பதும் எனக்குக் காதில் விழும்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. செல்வராசுவின் அம்மா தனம்மாள் அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சொல்லிக் காட்டுவாள். அலமேலு காதில் வாங்காத மாதிரி அரிசி களைந்துகொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம் முடிந்து நாங்கள் உடுப்பு அறையில் நின்றோம். இன்னும் சாயம் கலைக்கவில்லை. தனம்மாள் மூன்று பேரை உள்ளே அழைத்துக்கொண்டு வந்தாள். பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், அவர் மனைவி, பதினெட்டு வயது மதிக்கத்தக்க பெண். பெண்ணின் பெயர் பூங்காவனம் என்று பிறகு தெரிந்தது. செல்வராசுவைப் பார்க்க யாராவது வருவது வழக்கம்தான். நான் ஜடையை அவிழ்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

தனம்மாள் அலமேலுவின் தோளில் கை போட்டாள். "இதான் என் மவ. மருமவன் சைகோன்ல பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சொல்தாவா இருந்தான். அங்கயே தங்கிட்டான். மவனுக்குத்தான் இன்னும் ஒண்ணும் கூடி வரல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவி பட்டிக்காட்டு ஆட்களிடம் விளையாடுகிறாள் என்றே நினைத்தேன். அந்த விவசாயி பயபக்தியோடு அலமேலுவைப் பார்த்துக் கும்பிட்டு, "உங்க அண்ணனுக்கு எங்க பொண்ணப் புடிக்குமாம்மா? நீங்க கூடப்பொறந்தவங்க, ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

அலமேலு வாத்தியாரைப் பார்த்தாள். அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவள் நெற்றியில் அவர் வைத்த பொட்டு இருந்தது. பிறகு செல்வராசுவைப் பார்த்தாள். அவர் குனிந்து கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரே பொத்தானை எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் கழற்றுவான்?

"அண்ணனையே கேளுங்க" என்றாள் அலமேலு.

செல்வராசு தலையை நிமிர்த்தாமல், "அம்மா இஷ்டம்" என்றார்.

கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டுவிட்டேன். அந்தப் பெண் ஓடிவந்து எடுத்துக் கொடுத்து, என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தது.

அன்று ராத்திரி வீட்டில் புருஷனிடம் பேசிவிட்டு அலமேலு தண்ணீருக்கு வந்தாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "தையில முகூர்த்தமாம் சகு. பாக்கு வெத்தல மாத்தியாச்சாம். நாத்தனாரா நின்னு நாந்தான் முடிச்சுப் போடணுமாம்."

"உன் புருஷன் இன்னாக்கா சொல்றாரு?"

"அம்மா பேச்சத் தட்ட முடியாதாம். கொழந்த பொறந்ததும் அவகிட்ட உண்மையச் சொல்லிக்கலாமாம். அதுவரைக்கும் தங்கச்சியாவே இருந்துடுன்னு சொல்றாரு. மேடையில தெனம் இருக்கறதுதானேங்கறாரு."

மனிதன் இப்படியும் ஒன்றைக் கேட்பானா? அதையும் பெண்டாட்டியிடமே கேட்பானா? "நீ அந்த ஆளுங்ககிட்ட அங்கயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். "சாயம் இருந்துச்சே சகு" என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டு எனக்கு மேலும் எரிச்சலாக வந்தது. நாடகக் கம்பெனியில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள் அவள். அவளுடைய அம்மாவும் அதே சட்டத்தில்தான் நடித்துச் செத்தாள். வாத்தியார் சொல்லை மீறலாம் என்பதே அவள் புத்தியில் எட்டாத விஷயம்.

மறுநாள் நான் வாத்தியாரிடம் போனேன். "நீங்க அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும் வாத்தியாரே. உங்க வார்த்தய நம்புவாங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஒத்திகை இல்லை, மேடை இல்லை, இருந்தாலும் பழக்கதோஷம், நான் அப்படியே நின்றுவிட்டேன். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, "சாயத்தோட நடந்தத நான் எப்படிம்மா வெளியில சொல்றது? ஒருத்தருக்காவச் சொன்னா நாளைக்கு எல்லாருக்கும் சொல்லணும்" என்றார்.

"ஒரு பொம்பளையோட வாழ்க்க போவுது."

"செல்வராசு போனா கொட்டகையே போவும்."

அப்படிச் சொல்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அந்த மனிதரைத் தெய்வம் மாதிரி கும்பிட்டுக்கொண்டிருந்தவள் நான். அன்றோடு அது போயிற்று.

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. யாரிடமும் சொல்லாமல் அடுத்த நாள் காலையில் பஸ் ஏறிப் பாகூர்ப் பக்கம் போய், விசாரித்து, அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். விவசாயி களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அலமேலு அவரு தங்கச்சி இல்லிங்க. அவரு சம்சாரம். நாடகத்துக்காகத் தங்கச்சியா நடிக்கிறா. சைகோனும் இல்ல, சொல்தாவும் இல்ல" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ அவருக்குப் பொண்டாட்டியா நடிக்கிற பொண்ணுதான?"

"ஆமாங்க."

"மேடையில தெனம் தாலி கட்டிக்கற. நெசத்துலயும் கட்டிக்கலாம்னு பாக்கறியா? அதுக்கு எம்பொண்ணு குறுக்க நிக்கிறாளா?"

நெல் கிளறிய பலகையை என் தலையில் போட்டிருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன். கூடப் பிறந்தவள் என்று மேடையில் பார்த்ததை நம்புகிறார். நான் நேரில் நின்று சொல்லும் உண்மை அவருக்கு நடிப்பாக இருக்கிறது. "நாடகக்காரி கண்ணுல தண்ணி சொன்னா வரும், எனக்குத் தெரியும்" என்று வேறு சொன்னார். அவமானத்தில் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துகொண்டிருந்த நேரம் அது. கதவுக்குப் பின்னால் பூங்காவனம் நின்றுகொண்டிருந்தது. அது மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

திரும்பி வந்து அலமேலுவிடம் சொன்னதும் அவள் என்மேல் பாய்ந்தாள். "யாரக் கேட்டுப் போன? எனக்கு வாயில்லன்னு நெனச்சியா?"

"இருந்தா பேசேன்."

"பேசறப்ப பேசுவேன். நீ சும்மா இரு." குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு. சம்பந்தி வீட்டார் என்று தனம்மாள் அவர்களை மறுபடி கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். உறவுக்காரர்கள் நாலைந்து பேர் கூட வந்திருந்தார்கள். கொட்டகை நிறைந்த கூட்டம். வாத்தியார் வழக்கம்போல எல்லோருக்கும் பொட்டு வைத்தார். அலமேலு பொட்டு வைத்துக்கொண்டு, "அண்ணா, அந்தக் கண்ணாடியக் குடு" என்று செல்வராசுவிடம் கேட்டாள். அவரும் எடுத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இவள் சம்மதித்துவிட்டாள் என்று அவருக்கு எண்ணம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மூன்றாவது காட்சி. வக்கீல் அண்ணனாக வரும் செல்வராசு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வழக்குக் கட்டைப் படித்துக்கொண்டிருப்பார். தங்கை கோமதி பால் டம்ளரோடு வந்து, "அண்ணா, பால் ஆறுது" என்பாள். அவர், "வைத்துவிட்டுப் போ கோமதி" என்பார். அதற்குப் பிறகுதான் நான் வர வேண்டும் என்பதால் பக்கத்தட்டியில் தயாராக நின்றேன். வசனம் எடுத்துக் கொடுப்பவர் எனக்குப் பக்கத்தில். அவருக்குப் பின்னால் வாத்தியார்.

அலமேலு போனாள். மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். பேசவில்லை. வசனம் கொடுப்பவர் மெதுவாக, "அண்ணா, பால் ஆறுது" என்று எடுத்துக் கொடுத்தார். அவள் அசையவில்லை. அவர் கொஞ்சம் சத்தமாக மறுபடி கொடுத்தார். முன்வரிசைக்கே கேட்டிருக்கும்.

"என்னங்க, பால் ஆறுது" என்றாள் அலமேலு.

மேடைக் குரல் இல்லை. ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் நான் கேட்ட குரல். செல்வராசு காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. தினமும் வீட்டில் வசனம் படித்துக்கொண்டே சொல்வதை அப்படியே சொன்னார். "வச்சுட்டுப் போ அலமு."

கூட்டத்தில் சிலர் களுக்கென்று சிரித்தார்கள். வசனம் தப்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் தட்டியைப் பிடித்துக்கொண்டேன். சொன்ன பிறகுதான் செல்வராசுவுக்கு உறைத்தது. தலை நிமிர்ந்தது. வாய் திறந்தபடி இருக்க அவளைப் பார்த்தார். அவள் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். வீட்டில் நிற்பதைப் போலவே நின்றாள்.

முன்வரிசையில் பூங்காவனம் எழுந்தது. பக்கத்தில் தனம்மாள் அதன் கையைப் பிடித்து இழுத்தாள். அது உதறிவிட்டு, "அன்னிக்கு அந்தக்கா வந்து சொன்னது நெசம்தாம்பா. வாங்க போலாம்" என்றது. பெரிதாகக் கத்தவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. விவசாயி ஒரு நிமிஷம் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர்கள் வரிசையாக வெளியே போவதை மேடையிலிருந்து செல்வராசு பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். அலமேலு, "அண்ணா, பால் ஆறுது" என்று மேடைக் குரலில் சுத்தமாகச் சொன்னாள். காட்சி நடந்தது. நாடகம் கடைசி வரைக்கும் நடந்தது. ஒரு வசனம் அவள் பிசகவில்லை. எத்தனையோ இடத்தில் அண்ணா என்று வரும், அத்தனை இடத்திலும் சொன்னாள். செல்வராசுதான் தடுமாறிக்கொண்டே இருந்தார்.

திரை விழுந்ததும் வாத்தியார் வந்தார். கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். துடைக்கவில்லை. "அலமேலு, சாயத்தக் கலைச்சுட்டு உன் பெட்டிய எடுத்துக்க" என்றார்.

"சரிங்க வாத்தியாரே" என்றாள் அவள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு? அவரும்தான அலமுன்னு சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவன் நாளைக்கு மேடை ஏறணும்."

அவ்வளவுதான் தீர்ப்பு. பொய் சொன்ன கிழவிக்கு ஒன்றுமில்லை. வாயைத் திறக்காமல் இருந்த ஆம்பளைக்கு ஒன்றுமில்லை. நான் அவரைப் பார்த்து என்னென்னவோ திட்டினேன். என்ன திட்டினேன் என்று இப்போது ஞாபகமில்லை.

அலமேலு எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்தாள். பின்பக்கம் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்த தாலிச் சரட்டை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாள். நான் அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தேன். கடலூரில் அவளுடைய சித்தி ஒருத்தி இருந்தாள். ரயிலடிக்குப் போக வாசலில் ஆள் தள்ளிக்கொண்டு போகும் புஷ்புஷ் வண்டி நின்றது. இன்னும் பொழுது சாயவில்லை. நாடகம் பார்த்துவிட்டுக் கலையாத கூட்டம் அங்கங்கே நின்று பேசிக்கொண்டிருந்தது.

செல்வராசு ஓடி வந்தார். கோட்டுகூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் வேர்த்து, சாயம் கழுத்தில் வழிந்தது. "அலமு, வீட்டுக்குப் போ. அம்மாகிட்ட நான் பேசறேன். அந்தச் சம்பந்தம்தான் போயிடுச்சே, இனிமே ஒண்ணும் இல்ல" என்றார்.

அவள் பெட்டியை என்னிடமிருந்து வாங்கி வண்டியில் வைத்தாள். ஏறி உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். இவள் இறங்கிவிடுவாள் என்றே நான் நினைத்தேன். எத்தனை பெண்கள் அப்படி இறங்கியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாதா. நானே கையை நீட்டியபடிதான் நின்றேன்.

அவள் அவரை நேராகப் பார்த்தாள். கழுவின முகம், மஞ்சள் பூசின முகம், ஒரு பொட்டுச் சாயம் இல்லை.

"வர்றேண்ணா. அம்மாவ நல்லாப் பாத்துக்க" என்றாள்.

வண்டிக்காரன் கிளம்பினான். செல்வராசு ரயிலடிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி தன் பிள்ளையிடம், "பாரு, தங்கச்சி ஊருக்குப் போறாளாம், அண்ணன் எப்படி அழுவுறாரு பாரு" என்று காட்டினாள்.